சைப்பிரஸ் சுற்றுலா விசா: ஒரே வீட்டில் இரண்டு நாட்டுக் கடப்பிதழ் இருந்தால் என்ன செய்வது?

கேள்வி: ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். பேராக், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் (தொழிலாளர் வேலைப் பதிவேடு) எழுதி ஓய்வு பெற்றவன் என்பதால் பாரம் நிரப்புவதும் கணக்குச் சரிபார்ப்பதும் எனக்குப் புதிய வேலை அல்ல. இருந்தும் இப்போது என் மேசை மேல் கிடக்கும் ஒரு துண்டுச் சீட்டின் கணக்கு எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் மகள் சைப்பிரஸ் நாட்டின் லிமசோல் நகரில் ஒரு கப்பல் நிர்வாக நிறுவனத்தில் வேலை செய்கிறாள். வரும் பள்ளி விடுமுறையில் மூன்று வாரம் தன்னோடு வந்து தங்கும்படி அழைத்திருக்கிறாள். போக இருப்பவர்கள் நான்கு பேர்: 71 வயதான நான், 67 வயதான என் மனைவி, ஏழு வயதுப் பேத்தி, அவளுடைய தாயாகிய என் மருமகள். மகன் பினாங்கில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கும் மனைவிக்கும் பேத்திக்கும் மலேசியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) உள்ளது. மருமகள் புதுக்கோட்டைப் பெண். திருமணமாகி எட்டு ஆண்டுகளாக எங்களோடுதான் இருக்கிறார் என்றாலும், அவரிடம் இருப்பது இந்தியக் கடப்பிதழும், வாழ்க்கைத்துணை என்ற வகையில் இங்குள்ள குடிநுழைவுத் துறை தந்த நீண்டகாலச் சமூக வருகை பாஸும்தான்.

பட்டணத்தில் பயணச் சீட்டு விற்கும் ஒருவரிடம் விசாரித்தேன். நால்வருக்கும் ஷெங்கன் விசா கட்டாயம் என்றும், தலைக்கு 1,200 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றும் சொல்லி, ஒரு பழைய ரசீதின் பின்புறத்தில் 4 × 1,200 = 4,800 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கையில் கொடுத்தார். இன்னொருவரோ, இஸ்தான்புல் வழியாக எர்ஜான் என்னும் விமான நிலையத்தில் போய் இறங்கினால் ஆளுக்கு 900 வெள்ளி மிச்சமாகும், அங்கிருந்து டாக்சி பிடித்து லிமசோலுக்குப் போய்விடலாம் என்கிறார். கோயில் குழுவில் உள்ள நண்பர் ஒருவர், சைப்பிரஸ் காமன்வெல்த் நாடு, நமக்கு எதற்கு விசா என்று கேட்கிறார். அப்படியானால் இந்தியாவும் காமன்வெல்த் நாடுதானே, மருமகளுக்கும் வேண்டாமா என்று நான் திருப்பிக் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

இவர்களில் யார் சொல்வது சரி? என் கடப்பிதழ், நாங்கள் திரும்பி வரும் நாளிலிருந்து நான்கு மாதம்தான் செல்லுபடியாகும், அது போதுமா? மருமகளுக்கு விசா வேண்டுமென்றால் என்னென்ன தாள்கள் சேர்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பழைய டிக்கெட்காரன், ஈப்போ

ஐயா, வணக்கம். பயண முகவர் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: விசா என்பது குடும்பத்தைப் பார்த்து வருவதில்லை, வாழும் ஊரைப் பார்த்தும் வருவதில்லை, கையில் இருக்கும் கடப்பிதழைப் பார்த்து வருவது. எனவே உங்கள் நால்வரையும் ஒரே கணக்கில் போட்ட அந்தச் சீட்டை இப்போதே ஒதுக்கி வைத்துவிடலாம்.

காமன்வெல்த் உறவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சைப்பிரஸ் 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. எந்த நாட்டவருக்கு விசா வேண்டும், எவருக்கு வேண்டாம் என்பதை ஒன்றியத்தின் 2018/1806 எண் கொண்ட ஒழுங்குமுறை இரண்டு பட்டியல்களாகத் தருகிறது. முதல் பட்டியலில் உள்ள நாட்டவர் விசா எடுக்க வேண்டும். அதில் இந்தியா இருக்கிறது. இரண்டாம் பட்டியலில் உள்ளவர்கள் குறுகிய காலத் தங்கலுக்கு விசா எடுக்க வேண்டியதில்லை. அதில் மலேசியா இருக்கிறது. ஆகவே நீங்கள், அம்மா, பேத்தி ஆகிய மூவரும் 180 நாளுக்குள் 90 நாள் வரை விசா இல்லாமலே சைப்பிரஸில் தங்கலாம். மூன்று வாரம் அந்த வரம்புக்குள் வசதியாக அடங்கிவிடும். மருமகளுக்கு மட்டும் விசா தேவை.

எந்த விசா என்பதில்தான் அந்த முகவர் குழம்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன், அல்லது உங்களைக் குழப்பியிருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் வேறு, ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வட்டம் வேறு. அதே மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா, சைப்பிரஸ் சேர்ந்த அதே நாளில் ஒன்றியத்தில் சேர்ந்து, 2007 டிசம்பரில் ஷெங்கனுக்குள்ளும் போய்விட்டது. மருமகள் மால்டா போவதாக இருந்தால் ஷெங்கன் விசா என்பது சரியான பேச்சு. சைப்பிரஸ் அப்படிச் சேராமலேயே யூரோ நாணயத்தை மட்டும் 2008இல் ஏற்றுக்கொண்டது. 2026இல் ஷெங்கனில் சேருவதே தன் இலக்கு என்று அந்நாட்டு அரசு அறிவித்திருப்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் ஒருமுறை நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சேராத வரையில் மருமகள் எடுக்க வேண்டியது சைப்பிரஸின் தேசியக் குறுகியகால விசாதான். சைப்பிரஸ் வெளியுறவு அமைச்சின் இணையதளத்தில் மலேசியாவில் வசிப்பவர்களுக்குப் பொறுப்பான தூதரகம் எது என்று இருக்கும். இடையில் யாரும் இல்லாமல் நேரே அங்கேயே எழுதிக் கேளுங்கள். அவர் இந்தியக் குடியாக இருந்தாலும் சட்டப்படி வசிப்பது மலேசியாவில் என்பதால் இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம், புதுக்கோட்டைக்குப் போய்ப் போட வேண்டியதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. எல்லோருக்கும் பொருந்தாது, உங்களுக்குப் பொருந்தலாம். இரண்டு முறை அல்லது பல முறை நுழைவதற்கான ஷெங்கன் விசா ஒருவரிடம் இருந்து, அதைக் காட்டி அவர் ஏற்கெனவே ஒரு ஷெங்கன் நாட்டுக்குள் நுழைந்தும் இருந்தால், அந்த விசாவையே சைப்பிரஸ் ஏற்றுக்கொள்கிறது. தனியாகச் சைப்பிரஸ் விசா கேட்பதில்லை. போகும் வழியில் ஏதென்ஸில் நான்கு நாள் தங்கிப் பார்க்கும் எண்ணம் இருந்தால், மருமகள் கிரேக்க நாட்டின் பல நுழைவு விசாவை எடுத்து, முதலில் ஏதென்ஸில் இறங்கி, பிறகு சைப்பிரஸின் லார்னகா விமான நிலையத்துக்குப் போகலாம். வரிசையை மாற்றிவிடக் கூடாது. முதலில் லார்னகாவில் போய் நின்றுகொண்டு, பயன்படுத்தாத ஷெங்கன் விசாவைக் காட்டினால், எல்லையில் என்ன, இங்கே கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ. கவுன்டரிலேயே விமான நிறுவனம் தடுத்துவிடும். ஒரு முறை நுழைவு விசாவும் இதற்கு உதவாது. ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. அந்தச் சீட்டில் இருந்த 1,200 வெள்ளியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

கடப்பிதழ் பற்றிக் கேட்டீர்கள். அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதே ஐரோப்பிய விதி. உங்களுடைய நான்கு மாதம் அதற்குப் போதும். ஆனாலும் புதுப்பித்துக்கொள்வதே நல்லது என்பேன். கோலாலம்பூரிலிருந்து லார்னகாவுக்கு நேரடி விமானம் கிடையாது, பெரும்பாலும் துபாய் அல்லது தோஹா வழியாகத்தான் போக வேண்டும். இணைப்பு விமானம் தவறிப்போய் துபாயில் வெளியே தங்க நேர்ந்தால் ஆறு மாதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்குப் புதுக் கடப்பிதழ் 100 வெள்ளிதான். ஈப்போவுக்கு ஒரு காலை வேளை வந்தால் வேலை முடிந்துவிடும்.

ஈட்டியாஸ் என்ற ஒன்றைப் பற்றியும் யாராவது உங்களிடம் பேசக்கூடும். விசா வேண்டாதவர்களிடமிருந்து முன்கூட்டியே இணையத்தில் பெறப்படும் பயண அனுமதி அது. 2026ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருக்கிறது. ஷெங்கனில் இல்லாவிட்டாலும் சைப்பிரஸுக்கும் அது பொருந்தும். கட்டணம் 20 யூரோ. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 70ஐத் தாண்டியவர்களுக்கும் கட்டணமில்லை என்பதால், உங்கள் வீட்டில் அம்மா ஒருவர்தான் கட்ட வேண்டியிருக்கும். அது நடைமுறைக்கு வருவதற்கு முன்பே ஈட்டியாஸ் எடுத்துத் தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

எர்ஜான் விஷயத்தை அங்கேயே இருப்பவர்கள் சொல்வது நல்லது. நான் ஒரு வார்த்தை மட்டும் சொல்கிறேன்: வேண்டாம்.

பதில் 2: லிண்டாங் பக்கத்து ஆள்

கிராணியார் ஐயாவுக்கு வணக்கம். என் வீட்டுக்காரியும் தமிழ்நாட்டுக்காரர்தான். அவருடைய இந்தியக் கடப்பிதழோடு ஐரோப்பா போய்வந்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதல் முறை எங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எந்த நாட்டுத் தூதரகம் என்பதை விட்டுவிடுகிறேன். தவறு எங்கள் பக்கம்தான். வீட்டுக்காரிக்கு வேலை இல்லை என்பதால் கணக்கில் பணம் காட்ட வேண்டும் என்று யாரோ சொல்ல, அப்போது எனக்கு விழுந்த கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) 10,000 வெள்ளியை அப்படியே அவர் கணக்கில் போட்டு, மூன்றாம் நாள் வங்கிக்குப் போய் அறிக்கை எடுத்தேன். மூன்று மாத அறிக்கையில் இருநூறு, முந்நூறு என்று வந்துபோய்க்கொண்டிருந்த கணக்கில், கடைசி வரியில் மட்டும் பத்தாயிரம் என்று நின்றது. எனக்கு அது பெருமையாகத் தெரிந்தது. பார்க்கிற அதிகாரிக்கு அது கடன் வாங்கிக் காட்டிய பணமாகத் தெரிந்திருக்கிறது. செலவுக்கான வழி நிரூபிக்கப்படவில்லை என்ற கட்டத்தில் ஒரு குறியிட்டுத் தாளைத் திருப்பி அனுப்பினார்கள். கட்டிய கட்டணம் திரும்பி வராது.

மறுமுறை அந்த நாடகமெல்லாம் இல்லை. செலவை ஏற்பவன் நான் என்று ஒரு கடிதம் எழுதினேன். அதனோடு என் சம்பளச் சீட்டுகள், ஆறு மாத வங்கி அறிக்கை, சேமநிதி வாரிய அறிக்கை, முதலாளி தந்த வேலைக் கடிதம், தேசியப் பதிவிலாகா தந்த திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் வைத்தேன். கூட்டுப் பணத்தையும் மறைக்கவில்லை. மாதாமாதம் நான் கட்டியது அதே அறிக்கையில் தெரியும்படி கோடிட்டு, இது இன்னது என்று இரண்டு வரி எழுதினேன். விசா கிடைத்தது. உங்கள் வீட்டில் மகன் வராவிட்டாலும் மருமகளின் செலவுக்குப் பொறுப்பேற்பவர் அவராகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் இங்குள்ள பாஸிலும் ஆதரவாளர் அவர்தான். தாள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்.

திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் மலாயில் இருப்பதை மறந்துவிடாதீர்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்பார்கள். நாமே தட்டச்சு செய்து கொடுத்தால் செல்லாது. மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் நிறுவனமாகிய ஐடிபிஎம் முத்திரையோடு செய்து தருகிறது.

எல்லோரும் போவதற்கான விசாவைப் பற்றியே பேசுவார்கள். மருமகளைப் பொறுத்தவரை, திரும்பி வருவதற்கான பாஸ்தான் அதைவிட முக்கியம். பாஸ் முடியும் தேதியை இன்றைக்கே பாருங்கள். பயணத்துக்கு நடுவிலோ, திரும்பிய கொஞ்ச நாளிலோ முடிவதாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டுத்தான் விசாவுக்குப் போட வேண்டும். மலேசியாவுக்குத் திரும்பி வருவார் என்பதற்கு அந்தப் பாஸைவிடப் பெரிய சான்று கிடையாது. இந்தியர்களுக்குத்தான் 2023 டிசம்பர் முதல் மலேசியாவில் 30 நாள் விசா விலக்கு இருக்கிறதே என்று சிலர் அலட்சியமாகச் சொல்வார்கள். அப்படி நுழைந்தால் அவர் சுற்றுலாப் பயணி, உங்கள் வீட்டு மருமகள் அல்லர். பாஸை மறுபடி வாங்குவதற்குள் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்துவிடும். புதுக் கடப்பிதழ் எடுத்து, பாஸ் பழைய கடப்பிதழில் ஒட்டியிருந்தால் இரண்டையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.

பதில் 3: நிக்கோசியாவில் இருக்கும் பேராக் பெண்

வணக்கம் ஐயா. நான் கோலகங்சாரில் பிறந்தவள், இப்போது சைப்பிரஸ் தலைநகர் நிக்கோசியாவில் இருக்கிறேன். எர்ஜான் பற்றி எழுத வேண்டும் என்றே உள்ளே வந்தேன்.

இந்தத் தீவு 1974 முதல் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வடக்கில் 1983இல் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டதைத் துருக்கி ஒன்றைத் தவிர வேறு எந்த நாடும் ஏற்கவில்லை. எர்ஜான் அந்த வடக்கில் இருக்கும் விமான நிலையம். உங்கள் மகள் இருக்கும் லிமசோல் தெற்கில், சைப்பிரஸ் குடியரசு அரசாங்கத்தின் கீழ் இருக்கிறது. லார்னகா, பாஃபோஸ் விமான நிலையங்கள் வழியாகவோ தெற்கில் உள்ள துறைமுகங்கள் வழியாகவோ வருவதே சட்டப்படியான நுழைவு. எர்ஜான் வழியாக வருவதைக் குடியரசு சட்டவிரோத நுழைவாகக் கருதுகிறது. ஐரோப்பியக் குடிமக்களுக்கு விட்டுக்கொடுப்பது போல நமக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. டாக்சி உங்களை நடுக்கோட்டுச் சோதனைச் சாவடி வரை கொண்டுவந்து விடும். அங்கே மலேசியக் கடப்பிதழைப் பார்த்துவிட்டு, வந்த வழியே போங்கள் என்று திருப்பி அனுப்பினால், மகள் லிமசோலிலும் நீங்கள் சாவடியிலுமாக நிற்க வேண்டியதுதான். மருமகள் கையில் சைப்பிரஸ் விசா இருந்தாலும் இதே கதிதான். அந்த 900 வெள்ளிக்காக இந்த வேலை வேண்டாம்.

லார்னகா வழியாக முறையாக நுழைந்த பிறகு வடக்கைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது வேறு விஷயம். 2003 முதல் கடந்துபோக அனுமதி இருக்கிறது. நிக்கோசியாவின் கடைத்தெருவான லெட்ரா தெருவில் 2008 ஏப்ரலில் திறந்த கடவை ஒன்று உண்டு. ஐஸ்கிரீம் கடையையும் செருப்புக் கடையையும் தாண்டி நடந்தால் தெருவின் நடுவிலேயே ஒரு சாவடி வரும். கடப்பிதழைக் காட்டிவிட்டு, யாருமில்லாமல் பாழடைந்த கட்டடங்களுக்கு இடையே சில அடி நடந்தால் அடுத்த சாவடி, அதைத் தாண்டினால் மறுபடியும் கடைத்தெரு, ஆனால் பலகைகள் மட்டும் துருக்கி மொழியில். உங்கள் பேத்திக்கு இது விளையாட்டாக இருக்கும். வாடகைக் காரில் மட்டும் போகாதீர்கள்; தெற்கில் எடுத்த காப்புறுதி வடக்கில் செல்லாது.

மகளிடமிருந்து மருமகளுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். யார் வருகிறார், என்ன உறவு, எத்தனை நாள், எந்த முகவரி என்று தெளிவாக எழுதிய அழைப்புக் கடிதம், மகளின் இங்குள்ள வசிப்பு அனுமதி நகல், வீட்டு ஒப்பந்த நகல், சம்பளச் சீட்டு ஆகியவற்றை இப்போதே ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். அழைப்புக் கடிதத்தில் அண்ணி என்ற உறவை எழுதி, அதை நிரூபிக்க அண்ணனின் பிறப்புச் சான்றிதழையும் தன் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்தால்தான் உறவுச் சங்கிலி அறுபடாமல் இருக்கும். விசா வேண்டாத நீங்கள் மூவரும்கூட வெறுங்கையோடு வந்து நிற்க வேண்டாம். திரும்பும் டிக்கெட், அழைப்புக் கடிதம், காப்புறுதி மூன்றின் அச்சுப் பிரதியும் கைப்பையில் இருக்கட்டும். லார்னகாவில் அதிகாரி என்னிடம் முதல் முறை கேட்டது எங்கே தங்குகிறாய், எப்போது திரும்புகிறாய் என்ற இரண்டே கேள்விகள்தான். ஆனால் கைப்பேசியில் பேட்டரி தீர்ந்துபோய் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

லிமசோலிலிருந்து கப்பல் சுற்றுலா விளம்பரங்கள் நிறைய வரும். பதிவு செய்வதற்கு முன் அந்தக் கப்பல் எந்தெந்தத் துறைமுகங்களில் நிற்கிறது என்று பாருங்கள். சிலவற்றில் இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகம் இருக்கும். நம் கடப்பிதழிலேயே இஸ்ரேல் தவிர என்று அச்சிட்டிருக்கிறது.

மற்றபடி இங்கே கார் இடப்பக்கம்தான் ஓடும், மின்சாரப் பிளக்கும் நம் ஊர் மூன்று முள் பிளக்தான். அம்மா பயப்பட ஒன்றுமில்லை.

மீண்டும்: ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை மருமகளின் பாஸை எடுத்துப் பார்த்தோம்; நாங்கள் திரும்பி வரும் நாளுக்குப் பதினொரு நாள் கழித்து முடிகிறது. லிண்டாங் தம்பி சொல்லாவிட்டால் எவரும் அந்தத் தேதியைப் பார்த்திருக்க மாட்டோம். மகன் இந்த வாரக் கடைசியில் வந்ததும் அதைப் புதுப்பிக்கும் வேலையைத்தான் முதலில் தொடங்கப் போகிறோம். 4,800 வெள்ளிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்னும் மூன்று சந்தேகங்கள். முதலாவது பெயர். என் மனைவியின் கடப்பிதழில் பெயருக்கும் தகப்பனார் பெயருக்கும் நடுவில் ஏ/பி (இன்னாரின் மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்) இருக்கிறது, டிக்கெட்டில் சாய்கோடு போட முடியவில்லை. மருமகளின் இந்தியக் கடப்பிதழிலோ குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கிறது, ஒரே பெயர்தான். இரண்டாவது, பேத்தி தகப்பன் இல்லாமல் போவது. மூன்றாவதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது: மகளுக்கு நெத்திலி, சம்பல், கருவேப்பிலை எல்லாம் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று மனைவி ஒரே பிடிவாதமாக இருக்கிறார். அனுமதிப்பார்களா?

பதில் 4: பழைய டிக்கெட்காரன், ஈப்போ

சாய்கோடு பெரிய பிரச்சினை இல்லை ஐயா. டிக்கெட்டில் ஏபி என்று சேர்த்து அடிப்பார்கள். எழுத்துகள் ஒன்று விடாமல் கடப்பிதழில் உள்ள வரிசையிலேயே இருந்தால் போதும். ஏபியையே ஒருவரின் குடும்பப் பெயராகப் பதிந்து வைத்த டிக்கெட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தவிர்க்கப் பதிவு முடிந்த அன்றே மின்னஞ்சலில் வரும் டிக்கெட்டையும் கடப்பிதழையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். செக்ரோல் பார்த்த கண்ணுக்கு இது ஒரு நிமிட வேலை.

மருமகளின் ஒற்றைப் பெயரில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். விசா விண்ணப்பத்தில் கடப்பிதழில் உள்ளபடியே எழுதுங்கள், காலிக் கட்டத்துக்குத் தகப்பனார் பெயரைச் சொந்தமாகச் சேர்த்துவிடாதீர்கள். துபாய் வழியாகப் போவதாக இருந்தால், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள கடப்பிதழோடு சுற்றுலா விசாவில் நுழைவதை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் நிறுத்தியதை நினைவில் வையுங்கள். விமான நிலையத்துக்குள்ளேயே அமர்ந்து அடுத்த விமானம் ஏறுகிறவருக்கு அந்தத் தடை இல்லை. ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்ற ஆசைதான் கூடாது.

பேத்திக்குத் தகப்பனின் சம்மதக் கடிதம் ஒன்று ஆங்கிலத்தில் எழுதி, பெசுருஹ்ஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முன்னிலையில் மகன் கையெழுத்திட்டு, பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்போடு மருமகளின் கைப்பையில் இருக்கட்டும். தாய்க்கும் மகளுக்கும் வெவ்வேறு நாட்டுக் கடப்பிதழ் என்பதால், இது உன் பிள்ளைதானா என்ற கேள்வி வர இடம் இருக்கிறது. அந்தக் கடிதம் பெட்டிக்குள் போய்விடக் கூடாது.

பதில் 5: நிக்கோசியாவில் இருக்கும் பேராக் பெண்

அம்மாவின் சாமான் கட்டுக்கு நான் பதில் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பாலும், அவற்றில் செய்த பொருள்களும் கொண்டுவரக் கூடாது. ஆகவே நெய், பால்கோவா, கோழி ரெண்டாங் மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். மீனுக்கு அந்தத் தடை இல்லை, ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. நெத்திலிக் கருவாடு தாராளமாக வரலாம், நெத்திலிச் சம்பலும் வரலாம், பாட்டில் மூடியை மட்டும் இரண்டு முறை சுற்றிக் கட்டுங்கள். பச்சைக் கருவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதால் அது வேண்டாம். சான்றிதழ் இல்லாமல் கொண்டுவரக்கூடிய பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, பிறகு நம்ப மாட்டீர்கள், டுரியான். ஐரோப்பா விட்டாலும் விமானம் விடாது என்பதால் அம்மாவிடம் இந்த ஐந்தாவதை மட்டும் சொல்லாமல் இருப்பது உங்களுக்கு நல்லது.

மீண்டும்: ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட்டார் அம்மா. கருவாடு நான்கு கிலோ என்று இப்போதே முடிவாகிவிட்டது. ஏதென்ஸ் வேண்டாம், நேரே லார்னகாதான் என்று வீட்டில் பேசி முடித்து, மருமகளுக்குச் சைப்பிரஸ் விசாவே எடுப்பதாக இருக்கிறோம். பொறுப்பான தூதரகத்துக்கு இன்று காலை மின்னஞ்சல் எழுதியாயிற்று. என் கடப்பிதழைப் புதுப்பிக்கத் திங்கட்கிழமை ஈப்போவுக்கு வருகிறேன். டிக்கெட்கார ஐயா ஊரில் இருந்தால் தெரிவியுங்கள், ஒரு கோப்பி குடிக்கலாம்.